சைக்கிளுக்கு லைட் வாங்கப் போறீங்களா? முதல்ல பின்பக்கத்தைப் பாருங்க.. இரவுப் பயணத்துக்கு எது தேவை, எங்கே மாட்டணும்?

விடியற்காலை நாலரை மணி. பால் கேன் கட்டிய ஒரு சைக்கிள், ஊர் ரோட்டில் இருந்து மாநில நெடுஞ்சாலையில் ஏறுகிறது. மட்கார்டில் ஒரு சின்ன சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறது. ஆனால் கேரியரில் தொங்கும் கேன் அதை மறைத்துவிட்டது. ஓட்டுபவருக்கு இருபது வருஷமாகப் பழகிய ரோடு. எங்கே பள்ளம், எங்கே வேகத்தடை என்று மனப்பாடம். ரோடு அவருக்குத் தெரிவதில் சிக்கல் இல்லை. பின்னால் 60 கி.மீ. வேகத்தில் வரும் வேனுக்கு அவர் தெரிகிறாரா என்பதுதான் கேள்வி.

பால்காரர் மட்டுமல்ல. பேப்பர் போடும் இளைஞர், டியூஷன் முடிந்து திரும்பும் மாணவி, மில்லில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வருபவர், நைட் டியூட்டிக்குப் போகும் வாட்ச்மேன் என்று இருட்டில் சைக்கிளை நம்பி இருப்பவர்கள் நிறைய. இவர்களில் பலருடைய சைக்கிளில் லைட்டே கிடையாது. லைட் இருந்தால் அது முன்பக்கம் மட்டும் இருக்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளில் விபத்துகள் அதிகம் நடக்கும் நேரம் மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை. வேலை, பள்ளி, டியூஷன் முடிந்து சைக்கிள்கள் வீடு திரும்பும் நேரமும் அதுதான்.

என்ன லைட் வாங்கணும்? ரிஃப்ளெக்டர் மட்டும் போதுமா? பெட்டியில் எழுதியிருக்கும் லூமென் கணக்கை நம்பலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு சைக்கிள், ரெண்டு வேலை

சைக்கிள் லைட்டுக்கு இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. ஒன்று, ஓட்டுபவருக்கு ரோட்டைக் காட்டுவது. இன்னொன்று, ஓட்டுபவரை மற்றவர்களுக்குக் காட்டுவது.

கடைக்குப் போகும் பெரும்பாலானோர் முதல் வேலையை மட்டும் யோசித்து, முன்பக்கம் பளிச்சென்று அடிக்கும் லைட்டை வாங்கி வருகிறார்கள். ஆனால் எதிரே வருகிற வண்டியை ஓட்டுபவரே பார்த்துவிடுவார், தேவைப்பட்டால் ஒதுங்குவார். பின்னால் வருகிற வண்டியை அவரால் பார்க்க முடியாது. அங்கே அவருடைய உயிர் முழுக்க முழுக்க அந்த டிரைவரின் கண்ணை நம்பித்தான் இருக்கிறது.

அதனால் கையில் இருக்கும் காசுக்கு இன்றைக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், தெருவிளக்கு இருக்கும் ரோட்டில் ஓட்டுபவர் முதலில் வாங்க வேண்டியது பின்பக்க சிவப்பு லைட். தெருவிளக்கே இல்லாத ரோட்டில் முன் லைட், பின் லைட் இரண்டும் கட்டாயம் வேண்டும்.

60 கி.மீ. வேகத்தில் என்ன நடக்குது?

ஒரு சின்னக் கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் நகர்கிறது. ரோட்டில் ஏதோ இருக்கிறது என்று டிரைவர் கவனித்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போயாச்சு. அதன்பிறகு காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக்கோடு வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் தேவை. மொத்தம் சுமார் 45 மீட்டர்.

80 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு சுமார் 70 மீட்டரைத் தொடும். மழை ஈரம், தேய்ந்த டயர், லோடு ஏற்றிய லாரி என்றால் இன்னும் கூடும்.

லோ பீமில் வரும் டிரைவருக்கு, கறுப்புச் சட்டை போட்டு லைட் இல்லாமல் போகும் ஒருவர் இந்தத் தூரத்துக்குள் வந்த பிறகுதான் பெரும்பாலும் கண்ணில் படுவார். எதிரே ஒரு வண்டி ஹை பீம் அடித்தபடி வந்தால் அதுவும் சந்தேகம். ஆனால் சுத்தமான ரிஃப்ளெக்டர், ஹெட்லைட் நேராகப் பட்டால் 100 மீட்டருக்கு அப்பாலும் தெரியும். எரியும் சிவப்பு லைட் அதைவிடத் தூரத்தில் தெரியும்.

டிரைவருக்கு இன்னும் நாலைந்து நொடி கூடுதலாகக் கிடைக்கிறது என்று அர்த்தம். லைட்டுக்குக் கொடுக்கும் காசு அந்த நொடிகளுக்குத்தான்.

பின் லைட்: எப்படி இருக்கணும், எங்கே மாட்டணும்?

பின்பக்க லைட்டுக்கு ரொம்ப பவர் தேவையில்லை. இரவுக்கு 10 முதல் 30 லூமென் வரை இருந்தாலே போதும். அதற்கு மேல் போனால் பின்னால் வரும் பைக்காரரின் கண்ணைக் கூசவைக்கும். கண் கூசினால் அவரால் தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியாது.

வாங்கும்போது பக்கவாட்டில் இருந்தும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சில லைட்டுகள் நேர் பின்னால் நின்றால் மட்டும் பளிச்சென்று தெரியும், கொஞ்சம் நகர்ந்தால் அணைந்த மாதிரி இருக்கும். வளைவு ரோட்டில் இந்த ரகம் உதவாது.

மாட்டும் இடம்தான் பலர் தப்பு செய்யும் இடம். சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியில் மாட்டிவிட்டு, கேரியரில் ஸ்கூல் பையோ, சாப்பாட்டுப் பையோ, காய்கறி மூட்டையோ வைத்தால் லைட் மறைந்துவிடும். நீளமான சட்டை, துப்பட்டா, புடவை முந்தானை, மழைக்கோட்டு எதுவும் மறைக்கலாம்.

கேரியரில் எப்போதும் சாமான் ஏற்றுபவர்கள் லைட்டை கேரியரின் பின் விளிம்பிலோ, மட்கார்டின் கடைசியிலோ மாட்டுவது நல்லது. பால் கேன் கட்டுபவர்கள் கேனின் பின்பக்கமே ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டிவிடலாம்.

லைட் நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். கிளிப் தளர்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் லைட், எரிந்தும் பிரயோஜனம் இல்லை.

ரிஃப்ளெக்டர் எப்படி வேலை செய்யுது?

ரிஃப்ளெக்டர் தானாக ஒளிராது. கண்ணாடி மாதிரி ஒளியை வேறு பக்கம் திருப்பியும் விடாது. அதன் பிளாஸ்டிக்குக்குள் சின்னச் சின்ன முப்பட்டை மூலைகள் வரிசையாக இருக்கும். ஒளி எந்தத் திசையில் இருந்து வந்ததோ, மூன்று முகங்களிலும் பட்டு அதே திசைக்குத் திரும்பிப் போகும். டிரைவரின் கண் ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவருக்கு அது எரிகிற மாதிரி தெரிகிறது.

1969-ல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த லேசர் எதிரொளிப்பானும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

இதில் சார்ஜ் தீராது, பல்பு ஃபியூஸ் ஆகாது. ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஹெட்லைட் தன் மேல் பட்டால்தான் ரிஃப்ளெக்டர் வேலை செய்யும்.

ஒரு உதாரணம். நீங்கள் மெயின் ரோட்டில் நேராகப் போகிறீர்கள். இடதுபக்கச் சந்தில் இருந்து ஒரு ஆட்டோ வெளியே வருகிறது. அதன் ஹெட்லைட் எதிர்ப்பக்கக் கடையைப் பார்க்கிறது, உங்களை அல்ல. உங்கள் முன்பக்க ரிஃப்ளெக்டர் அந்த டிரைவருக்குத் தெரியவே தெரியாது. அதே இடத்தில் ஒரு முன் லைட் எரிந்துகொண்டிருந்தால் தெரியும். ஹெட்லைட் போடாமல் வரும் வண்டி, இருட்டில் நடந்து ரோட்டைக் கடப்பவர் ஆகியோருக்கும் ரிஃப்ளெக்டரால் உங்களைக் காட்ட முடியாது.

அதனால் ரிஃப்ளெக்டர் இருக்கே, லைட் எதுக்கு என்ற கேள்விக்கு இடமில்லை. அதேபோல லைட் இருக்கே என்று ரிஃப்ளெக்டரைக் கழற்றிப் போடவும் கூடாது. நடுவழியில் பேட்டரி தீர்ந்துபோனால் மிச்சம் இருப்பது ரிஃப்ளெக்டர் மட்டும்தான்.

எந்த நிறம் எங்கே?

நிறத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. வெள்ளை தெரிந்தால் வண்டி நம்மை நோக்கி வருகிறது. சிவப்பு தெரிந்தால் நம்மை விட்டு விலகிப் போகிறது. எல்லா டிரைவருக்கும் இது யோசிக்காமலே பழகிப்போன பாடம்.

முன்பக்கம் வெள்ளை. பின்பக்கம் சிவப்பு. பெடலின் இரண்டு விளிம்புகளிலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. சக்கரத்துக் கம்பிகளில் வெள்ளை அல்லது மஞ்சள்.

பின்பக்கம் வெள்ளை லைட்டோ, முன்பக்கம் சிவப்பு லைட்டோ மாட்டினால், சைக்கிள் எந்தப் பக்கம் போகிறது என்று டிரைவர் தப்பாகப் புரிந்துகொள்வார். பச்சை, நீலம், டிஸ்கோ லைட் எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் சிவப்பு, வெள்ளைக்குப் பதிலாக அவற்றை மாட்டக் கூடாது.

சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கு ஐஎஸ்ஓ 6742-2 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. மத்திய அரசும் சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கென 2020-ல் தனியாகத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. புது சைக்கிளோ, தனி ரிஃப்ளெக்டரோ வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்-ன் முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் சிவப்பு பிளாஸ்டிக்கை ரிஃப்ளெக்டர் வடிவத்தில் விற்பதும் உண்டு. பகலில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பழைய சைக்கிளா? லாரி டேப் இருக்கு

ரிஃப்ளெக்டர் உடைந்துபோன பழைய சைக்கிள்களுக்குச் சுலபமான வழி, லாரி, பஸ்களில் ஒட்டும் ரிஃப்ளெக்டிவ் டேப். ஆட்டோமொபைல் கடைகள், லாரி ஸ்டிக்கர் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள்.

சரக்கு வாகனங்களுக்கான ஏஐஎஸ்-090 தரநிலையிலும் இதே நிற வரிசைதான்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அதை அப்படியே சைக்கிளுக்கும் பின்பற்றலாம்.

பின் மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்கு சிவப்பு. சீட்டைத் தாங்கும் பின்பக்க இரண்டு கம்பிகளிலும் சிவப்பு. ஹேண்டில்பாருக்குக் கீழே முன் ஃபோர்க்கில் வெள்ளை. பெடல் சுற்றும் கிராங்க் கம்பிகளில் மஞ்சள்.

ஒட்டும் முன் அந்த இடத்தில் எண்ணெய், தூசி இல்லாமல் துடைக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் ஒரே வாரத்தில் உரிந்து வந்துவிடும். ரிம்மில் பிரேக் கட்டை படும் இடத்தில் ஒட்டவே கூடாது, பிரேக் பிடிக்காது.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் பக்தர்களின் பைகளில் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே யோசனைதான் இங்கேயும்.

கால்ல கட்டினா ஏன் சீக்கிரம் தெரியுது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. 2012-ல் வெளியான அந்த ஆய்வில், மூடிய சாலை ஒன்றில் இரவில் 24 பேரைக் கார் ஓட்டச் சொன்னார்கள். சைக்கிளில் பெடல் மிதித்துக்கொண்டிருந்தவர் ஒருமுறை கறுப்பு உடை, ஒருமுறை ஒளிரும் ஜாக்கெட், இன்னொரு முறை ஜாக்கெட்டோடு முழங்கால், கணுக்காலில் ஒளிரும் பட்டை அணிந்திருந்தார்.

முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோதுதான் அதிக தூரத்திலேயே அவரை சைக்கிள் ஓட்டுபவர் என்று டிரைவர்கள் கண்டுபிடித்தார்கள். ஹேண்டில்பாரில் லைட் மட்டும் எரிந்தது அந்தச் சோதனையில் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை.

காரணம் எளிமையானது. இருட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அது பைக்கா, ரோட்டோரக் கடையா, தூரத்து வீடா என்று சொல்ல முடியாது. ஆனால் மேலும் கீழும் மாறி மாறிப் போய்வரும் இரண்டு புள்ளிகள் என்றால், யாரோ பெடல் மிதிக்கிறார்கள் என்று மூளை உடனே புரிந்துகொள்கிறது.

அதனால்தான் பெடல் ரிஃப்ளெக்டர் சின்னதாக இருந்தாலும் மதிப்பு அதிகம். அது உடைந்துபோயிருந்தால், பேன்ட் செயினில் சிக்காமல் இருக்கக் கட்டும் பட்டையை ஒளிரும் ரகமாக வாங்கி இரண்டு கணுக்காலிலும் கட்டிக்கொள்ளலாம். ஒரே செலவில் ரெண்டு பலன்.

முன் லைட்: லூமெனைப் பார்த்து ஏமாறாதீங்க

ஆன்லைனில் தேடினால் 1,000 லூமென், 2,000 லூமென் என்று வரிசை கட்டும். லூமென் என்பது லைட்டில் இருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் மொத்த வெளிச்சம். அதில் எவ்வளவு ரோட்டில் விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அளவு சொல்லும். வானத்துக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போகிற வெளிச்சத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

தெருவிளக்கு இருக்கும் டவுன் ரோட்டுக்கு 50 முதல் 100 லூமென் போதும். விளக்கே இல்லாத கிராமத்து ரோட்டில் 15, 20 கி.மீ. வேகத்தில் போக 200 முதல் 400 லூமென் வரை இருந்தால் பள்ளம், நாய், ரோட்டில் கிடக்கும் கல் எல்லாம் நேரத்தோடு தெரியும்.

பெட்டியில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. பேட்டரி 1,200 எம்ஏஎச் என்று போட்டிருந்தால், லித்தியம் பேட்டரியின் 3.7 வோல்ட்டோடு பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். சுமார் 4.4 வாட்-மணி வரும். நல்ல எல்இடி லைட் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும். அப்படியென்றால் 400 லூமெனில் அந்த பேட்டரி சுமார் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

அதே பேட்டரியில் 1,000 லூமென், 8 மணி நேரம் எரியும் என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று பொய். 1,000 லூமெனில் அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. 8 மணி நேரம் என்பது பெரும்பாலும் மங்கலான மோடுக்கோ, பிளிங்க் மோடுக்கோ உரிய கணக்கு.

அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு லூமென் என்பது அல்ல. நான் தினமும் ஓட்டும் மோடில் எவ்வளவு நேரம் எரியும் என்பதுதான். உங்கள் பயண நேரத்தைப் போல இரண்டு மடங்கு தாங்கினால் வாங்கலாம்.

லைட்டை எந்தக் கோணத்தில் வைக்கணும்?

நல்ல லைட்டைத் தப்பான கோணத்தில் மாட்டினால் எதிரே வரும் பைக்காரர் கண் கூசி உங்கள் மேலேயே வந்துவிடலாம்.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். சைக்கிளைச் சுவரில் இருந்து 5 மீட்டர் தள்ளி, சமதரையில் நேராக நிறுத்துங்கள். லைட் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதில் பாதி உயரத்தில் வெளிச்சத்தின் நடுப்புள்ளி சுவரில் விழ வேண்டும். அப்படி வைத்தால் ரோட்டில் 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் இறங்கும். எதிரே வருபவர் கண்ணிலும் அடிக்காது.

ஜெர்மனியில் சைக்கிள் லைட்டுகளுக்கு அரசு அங்கீகார எண் தேவை. அங்கே விற்கும் முன் லைட்டுகளில், கார் லோ பீம் மாதிரி, மேல் பக்கம் வெளிச்சம் போகாமல் வெட்டப்பட்டிருக்கும். நம் ஊரிலும் அப்படிப்பட்ட லென்ஸ் உள்ள லைட்டுகள் கிடைக்கின்றன. டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கும் லைட்டை விட, மேல் விளிம்பு நேர்கோடாக வெட்டிய மாதிரி தெரியும் லைட் ரோட்டுக்கு ஏற்றது.

பிளிங்க் ஆகணுமா, நிலையா எரியணுமா?

இதில் நாட்டுக்கு நாடு விதி வேறு. ஜெர்மனியில் சைக்கிளில் விட்டு விட்டு எரியும் லைட்டுக்கு அனுமதி இல்லை. பிரிட்டனில் அனுமதி உண்டு.

பிளிங்க் ஆகும் லைட் சீக்கிரம் கவனத்தை இழுக்கும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று கணிப்பது கஷ்டம். நிலையாக எரியும் லைட்டில் தூரம் கணிப்பது சுலபம்.

நடைமுறைக்கு ஏற்ற வழி: இருட்டில் முன் லைட் எப்போதும் நிலையாக எரியட்டும். பிளிங்க் மோடில் ரோடு விட்டு விட்டுத் தெரியும், பள்ளம் கண்ணில் படாது. பின்னால் ஒரே லைட் என்றால் நிலையாக எரிவதே நல்லது. இரண்டு லைட் மாட்ட முடிந்தால் ஒன்று நிலையாக, ஒன்று மெதுவாக பிளிங்க் ஆகும்படி வைக்கலாம்.

டைனமோவா, பேட்டரியா, யுஎஸ்பியா?

ஒருகாலத்தில் டைனமோ இல்லாத சைக்கிளில் ராத்திரி போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் இருந்தது. டயரில் உரசும் அந்தச் சின்ன பாட்டில் டைனமோ 6 வோல்ட்டில் 3 வாட் மின்சாரம் தரும். சார்ஜ் போட வேண்டாம் என்பது பெரிய வசதி. மிதிப்பது கொஞ்சம் கனக்கும், மழையில் டயர் ஈரமானால் வழுக்கும். சைக்கிள் நின்றால் லைட்டும் அணைந்துவிடும். ரோட்டின் நடுவில் வலதுபக்கம் திரும்ப நிற்கும் நேரத்தில்தான் லைட் மிகவும் தேவை. ஆகவே டைனமோ வைத்திருப்பவர்களும் பின்னால் ஒரு பேட்டரி லைட் மாட்டிக்கொள்வது நல்லது.

பென்சில் பேட்டரி போடும் லைட் எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்று பேட்டரி கிடைக்கும் என்பதால் கிராமத்துக்கு வசதி. வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கும் என்பதால் கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லைட்டை மொபைல் சார்ஜரிலேயே போடலாம். தினமும் ஓட்டுபவருக்கு இதுதான் செலவு குறைவு. சார்ஜ் தீரப்போவதைக் காட்டும் சின்ன இண்டிகேட்டர் இருக்கும் மாடலாகப் பாருங்கள். உப்பிப்போன பேட்டரி உள்ள லைட்டைச் சார்ஜ் போடவே கூடாது. சார்ஜ் துளை ஈரமாக இருந்தால் காய்ந்த பிறகு போடுங்கள்.

மழைக்காலம் வந்தா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சீக்கிரமே இருட்டும், கார் கண்ணாடியில் தண்ணீர் வழியும். சைக்கிள் கண்ணில் படுவது இந்த மாதங்களில் இன்னும் கஷ்டம்.

லைட் பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் எல்லாப் பக்கமும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். தினமும் மழையில் போகிறவர்கள் ஐபிஎக்ஸ்4-க்குக் குறைவாக வாங்க வேண்டாம். யுஎஸ்பி துளையை மூடும் ரப்பர் மூடி இறுக்கமாக உட்கார்கிறதா என்று பாருங்கள்.

சேறு படிந்த ரிஃப்ளெக்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

பளிச் கலர் சட்டை இரவில் உதவுமா?

இது பலர் ஏமாறும் இடம். கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் பச்சை, ஆரஞ்சு நிறங்கள் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் பளிச்சிடுகின்றன. பகலிலும் மாலை மயங்கும் நேரத்திலும் நன்றாக உதவும். முழு இருட்டில் ஹெட்லைட் முன்னால் அந்தப் பளிச் எடுபடாது. இரவில் உதவுவது அந்த ஜாக்கெட்டின் மேல் தைத்திருக்கும் வெள்ளிநிறப் பட்டை. பட்டை இல்லாத பச்சை ஜாக்கெட்டை இரவுக்கு நம்ப வேண்டாம்.

மொபைல் டார்ச் போதாதா?

மொபைல் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டோ, சட்டைப்பையில் வைத்துக்கொண்டோ ஓட்டுபவர்கள் உண்டு. ஒரு கை மொபைலைப் பிடித்தால் ஒரு பிரேக் போய்விட்டது. பையில் வைத்தால் வெளிச்சம் ரோட்டில் விழாது. மேலும், பின்னால் வருபவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவசரத்துக்கு ஒருநாள் சரி, தினமும் கூடாது.

ஆனால் மொபைலுக்கு வேறொரு நல்ல உபயோகம் இருக்கிறது. சைக்கிளை இருட்டான இடத்தில், வழக்கமாக ஏற்றும் சாமான்களோடு நிறுத்துங்கள். ஒருவரைச் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் பத்தடி தள்ளி நின்று ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். கேமராவும் ஃபிளாஷும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், டிரைவரின் கண்ணுக்குத் தெரிவது போலவே ரிஃப்ளெக்டர்கள் போட்டோவில் ஒளிரும். எது ஒளிரவில்லையோ அது போலி, அழுக்கு, அல்லது ஏதோ அதை மறைக்கிறது. முன்பக்கமும் பக்கவாட்டிலும் இதையே செய்யுங்கள்.

பள்ளியில் விலையில்லா சைக்கிள் வாங்கி ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த போட்டோ சோதனையை ஒருமுறையாவது செய்து பார்க்கலாம். ரெண்டு நிமிஷ வேலை.

பகல்லயும் லைட் போடலாமா?

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2004-05-ல் சுமார் 3,800 சைக்கிள் ஓட்டுநர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினரின் சைக்கிளில் ஓட்டும்போதெல்லாம் தானாகவே எரியும் லைட் மாட்டப்பட்டது. காயம் ஏற்பட்ட விபத்துகளின் விகிதம் அவர்களிடம் 19 சதவீதம் குறைவாக இருந்தது. இருட்டும் வரை காத்திருக்காமல், மாலை 5.30 மணிக்கே லைட்டைப் போட்டுவிடுவது வீண் செலவு அல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

சுருக்கமா, எந்த வரிசையில் வாங்கணும்?

1. முதலில் பின்பக்க சிவப்பு லைட். சாமானோ துணியோ மறைக்காத இடத்தில், நேராகப் பின்னால் பார்க்கும்படி. தெருவிளக்கு இல்லாத ரோடு என்றால் இதோடு சேர்த்தே முன் லைட்டும்.

2. அடுத்து ரிஃப்ளெக்டர்கள். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பெடலில் ஆரஞ்சு, சக்கரத்தில் வெள்ளை அல்லது மஞ்சள். உடைந்த இடத்தில் லாரி டேப்.

3. முன் லைட். டவுனுக்கு 50 முதல் 100 லூமென், இருட்டு ரோட்டுக்கு 200 முதல் 400. சுவர்ச் சோதனை செய்து கோணம் வைக்க வேண்டும்.

4. கணுக்காலில் ஒளிரும் பட்டை.

5. வாரம் ஒருமுறை துடைப்பது, சார்ஜ் பார்ப்பது, மாதம் ஒருமுறை போட்டோ சோதனை.

விலை உயர்ந்த லைட் தேவையில்லை. சாதாரண ரகமாகப் பார்த்து வாங்கினால் இவை எல்லாம் ஒரு மொபைல் போன் விலையில் சின்னப் பங்குக்குள் முடிந்துவிடும். விடியற்காலை நெடுஞ்சாலையில் ஏறும் அந்தப் பால்காரருக்கு முதல் நாளே தேவைப்படுவது அதிலும் குறைவு: கேனின் பின்னால் ஒரு சாண் சிவப்பு டேப், கேரியர் விளிம்பில் ஒரு சிவப்பு லைட். இந்த இரண்டும் இருந்தால், 60 கி.மீ. வேகத்தில் வரும் அந்த வேன் டிரைவர் அவரை 100 மீட்டருக்கு முன்பே பார்த்து, ஹார்ன்கூட அடிக்காமல் ஒதுங்கிப் போய்விடுவார்.